முதல் சோலோ ஃப்ளைட்: புதிதாகச் சேர்ந்த கேபின் க்ரூவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நேற்று வரை உங்கள் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் கதவை ஆர்ம் செய்தால் (திறந்ததும் அவசரச் சறுக்கு விரியும் நிலையில் வைத்தால்) அவர் ஒரு முறை எட்டிப் பார்ப்பார். ட்ராலி பிரேக்கை நீங்கள் மறந்தால் அவர் கால் அதை மிதித்துவிடும். பயிற்சி ஃப்ளைட்டில் நீங்கள் கணக்கில் சேராத கூடுதல் ஆள். 50 இருக்கைக்குக் குறைந்தது ஒரு பணியாளர் என்பது பல நாடுகளில் உள்ள விதி. அந்த எண்ணிக்கையில் உங்களைச் சேர்க்காமல்தான் இதுவரை விமானம் கிளம்பியது. நாளை முதல் நீங்களும் அந்த எண்ணிக்கையில் ஒருவர். ஒரு கதவு உங்கள் பொறுப்பில் இருக்கும். சோலோ என்றால் அவ்வளவுதான். மற்ற க்ரூ எல்லோரும் பக்கத்தில்தான் இருப்பார்கள்.

பர்சராக, அதாவது கேபின் க்ரூவின் தலைவராக, பல வருடம் பறந்ததில், முதல் சோலோவுக்கு வந்த நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோருக்கு சர்வீஸை நினைத்துத்தான் பயம். காபி கொட்டிவிடுமோ, அறிவிப்பில் நாக்கு குழறுமோ என்றுதான் கேட்பார்கள். அதெல்லாம் நடந்தால் நாங்கள் சமாளித்துவிடுவோம். நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை வாய் திறந்து சொல்லாமல் விட்டால்தான் எங்களால் எதுவும் செய்ய முடியாது. இதற்குப் பின்னால் வரப்போகும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முந்தைய நாள்

ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) 23:30 என்று இருந்தால், அது உள்ளூர் நேரமா, யுடிசி என்ற உலகப் பொது நேரமா என்று முதலில் பாருங்கள். நள்ளிரவை ஒட்டிய ஃப்ளைட்டுகளில் நேரம் மட்டுமல்ல, தேதியே மாறிவிடும். ஒரு புதியவர் முழுச் சீருடையில், பெட்டியோடு, சரியாக ஒரு நாள் தாமதமாக வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. ரிப்போர்ட்டிங் நேரத்தை உள்ளூர் நேரத்தில், தேதியோடு, காகிதத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

பாஸ்போர்ட், விசா, க்ரூ அடையாள அட்டை, மருத்துவச் சான்று, தேவையான தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். கைக்கடிகாரத்தில் விநாடி முள் இருக்க வேண்டும். நாடித்துடிப்பு எண்ண அது தேவைப்படும். பேனா இரண்டு, சின்ன டார்ச் ஒன்று, மாற்றுச் சீருடை ஒரு செட். கேபினுக்குள் போட்டு நடக்கத் தட்டையான காலணி. மேனுவலை டேப்லெட்டில் வைத்திருந்தால் கடைசித் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், சார்ஜும் போட்டுவிடுங்கள்.

அந்த இரவில் முழு மேனுவலையும் புரட்டாதீர்கள். எந்த விமான வகை, எந்தக் கதவு என்று தெரிந்தால் அந்தக் கதவின் பக்கங்களை மட்டும் படித்தால் போதும். கதவைத் திறக்கும் வரிசை, அவசரக் கட்டளைகள், உங்கள் ஜம்ப் சீட்டை (கதவருகே க்ரூ உட்காரும் மடக்கு இருக்கையை) சுற்றி இருக்கும் கருவிகள். அப்புறம் தூங்குங்கள். மது கூடாது என்ற இடைவெளி நாட்டையும் நிறுவனத்தையும் பொறுத்து 8 மணி நேரமோ 12 மணி நேரமோ இருக்கும், முதல் ஃப்ளைட்டுக்கு முந்தைய நாளில் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்கூபா டைவிங்கும் ரத்த தானமும் அந்த வாரத்தில் வேண்டாம்.

பிரீஃபிங்

ஃப்ளைட்டுக்கு முன் க்ரூ கூடிப் பேசும் இந்தக் கூட்டம் பெரும்பாலும் கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பு தொடங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் பறக்கும் நேரம், எங்கே குலுங்கும், எத்தனை பயணிகள், யார் சக்கர நாற்காலியில் வருகிறார்கள், தனியாக வரும் குழந்தை உண்டா எல்லாம் வந்துவிடும். எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரைச் சொல்லும்போதே "இது என் முதல் சோலோ" என்றும் சொல்லிவிடுங்கள். மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் பக்கத்துக் கதவில் இருப்பவருக்கு உங்களை ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாமல் போகும்.

பர்சர் ஆளுக்கொரு பாதுகாப்புக் கேள்வி கேட்பார். உங்கள் கதவு திறக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கதவை மறித்து நின்று, "இந்த வழி இல்லை" என்று கத்தி, பயணிகளை அடுத்த கதவுக்குத் திருப்புவேன். இப்படி ஒரே மூச்சில், செய்யும் வரிசையிலேயே சொல்லிப் பழகுங்கள். பதில் தெரியாதவரை அந்த ஃப்ளைட்டிலிருந்து இறக்கும் அதிகாரம் பர்சருக்கு உண்டு. தெரியாததைத் தெரிந்தது போல உளறினால்தான் கோபம் வரும். "மறந்துவிட்டது, இப்போதே பார்த்துச் சொல்கிறேன்" என்றவரை நான் ஒரு நாளும் இறக்கியதில்லை.

விமானத்துக்குள் முதல் பத்து நிமிடம்

பையை வைத்ததும் நேராக உங்கள் கருவிகளிடம் போங்கள். காகிதத்தில் டிக் போடுவது கடைசி வேலை. ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, உதட்டுக்குள் பெயர் சொல்லுங்கள்.

தீயணைப்பான் அதன் கொக்கியில் இறுக்கமாக இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா, முள் பச்சையில் நிற்கிறதா? ஆக்சிஜன் பாட்டிலில் அழுத்தம் சரியா, முகமூடி இணைந்திருக்கிறதா? டார்ச்சில் சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறதா? புகைக் கவசத்தின் பெட்டியைத் திறந்து, உள்ளே வெற்றிடமாக அடைத்த உறை இறுகி இருக்கிறதா என்று பாருங்கள். காற்றுப் புகுந்திருந்தால் உறை தளர்ந்து பொம்மென்று இருக்கும். விரலால் அழுத்தினாலே தெரியும். தீப்பிடித்த ஒரு கழிவறைக்குள் உங்களுக்கு ஏறக்குறைய 15 நிமிட மூச்சு தரப்போவது அந்த உறைக்குள் இருக்கும் கவசம்தான். அது தளர்ந்திருந்தால் பர்சரிடம் சொல்லுங்கள், விமானம் தாமதமானாலும் சரி.

மெகாஃபோனைப் பலர் தொட்டுப் பார்ப்பதே இல்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறு விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். ஏ350-இல் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எட்டு அவசரக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் மெகாஃபோனிலும் வெறும் குரலிலும் வழி சொன்னார்கள். அந்த மெகாஃபோன்களும் யாரோ ஒருவரின் சோதனைப் பட்டியலில் ஒரு வரிதான். பொத்தானை லேசாக அழுத்தி, 'டக்' என்று சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஜம்ப் சீட் தானாக மடங்க வேண்டும், மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தால் அவசரத்தில் கதவை மறிக்கும். கழிவறைக் குப்பைத் தொட்டியின் மூடி தானாக மூட வேண்டும். உள்ளே தீப்பிடித்தால் அந்த மூடிதான் காற்றைத் தடுக்கும். பிறகு உங்கள் பகுதியில் இருக்கைக்கு அடியிலும் மேல்பெட்டிகளிலும் சந்தேகத்துக்குரிய பொருள் எதுவும் இல்லை என்று பார்த்து பர்சரிடம் தெரிவியுங்கள்.

பயணிகள் ஏறும்போது

வணக்கம் சொல்லுங்கள், ஆனால் அந்த வணக்கத்துக்குள் மூன்று விஷயம் பாருங்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் குடித்திருக்கிறார், அவசரத்தில் யார் உங்களுக்குக் கை கொடுப்பார். கடைசி ஆளை இருக்கை எண்ணோடு நினைவில் வையுங்கள். அவசரக் கதவு வரிசையில் இருப்பவர்களிடம் தனியாகப் பேசி, கதவைத் திறக்க அவர்களுக்கு விருப்பமும் உடல் பலமும் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கண் தெரியாத பயணி வந்தால், எப்படி உதவினால் வசதி என்று அவரிடமே கேளுங்கள். கூட வந்தவரிடம் கேட்காதீர்கள்.

பெட்டியைத் தூக்கி மேலே வைக்கச் சொல்வார்கள். கூடச் சேர்ந்து பிடியுங்கள், தனியாகத் தூக்காதீர்கள். இந்த வேலையில் முதுகு போனவர்களை எனக்கு நிறையத் தெரியும், அதில் பலருக்குத் தொடக்கம் இந்தப் பெட்டிகள்தான்.

கதவு

பர்சரின் அறிவிப்பு வந்ததும் கதவை ஆர்ம் செய்து, எதிர்க் கதவையும் சரிபார்க்க வேண்டும், இதுதான் கிராஸ் செக். ஆர்ம் ஆன கதவை உள்ளிருந்து திறந்தால் சறுக்கு ஸ்லைடு சில விநாடிகளில் வெளியே பாய்ந்து ஊதிவிடும். அவசரத்தில் அது உயிர் காக்கும். கதவுக்கு வெளியே ஊழியர் நிற்கும்போது பாய்ந்தால் உயிரை எடுக்கவும் கூடும்.

ஏ320 வகையில் பாதுகாப்புப் பின்னை எடுத்து, லீவரைக் கீழே தள்ளி, குறியைப் பார்க்க வேண்டும். போயிங் 737-இல் ஸ்லைடின் கம்பியைக் குனிந்து தரையில் உள்ள பிடிகளில் கையால் மாட்டி, ஜன்னலுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையைப் போட வேண்டும். ஆர்ம் ஆன ஏ320 கதவை வெளியிலிருந்து திறந்தால் அது தானாக டிஸ்ஆர்ம் ஆகும், அதாவது ஸ்லைடு விரியாத நிலைக்கு வந்துவிடும். 737-இல் அந்த வசதி கிடையாது, அதனால் அந்தச் சிவப்புப் பட்டைதான் வெளியில் நிற்பவருக்கு ஒரே எச்சரிக்கை. இரண்டு வகையிலும் பறக்கப் போகிறவர் என்றால் இந்த வித்தியாசத்தை நன்றாக மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். அன்றைய நான்காவது தரையிறக்கம். விமானம் நின்றது, சீட்பெல்ட் விளக்கு அணைந்தது, பயணிகள் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் நெருக்கினார்கள். ஒருவர் இணைப்பு விமானம் போய்விடும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பர்சரின் டிஸ்ஆர்ம் அறிவிப்பு என் காதில் விழுந்தது, அவரிடம் பதில் சொல்லத் திரும்பினேன், மறுபடி கதவைப் பார்த்தபோது அந்த வேலையை முடித்துவிட்டதாகவே மனம் நம்பியது. கைப்பிடியில் கை வைத்து லேசாகத் தூக்கினேன். ஜன்னலுக்குக் கீழே வெள்ளை விளக்கு எரிந்தது. அது எரிந்தால் ஸ்லைடு இன்னும் ஆர்ம் நிலையில் இருக்கிறது என்று பொருள். எதிர்க் கதவில் இருந்தவர் "நிறுத்து" என்றார். கைப்பிடியைப் பழைய இடத்துக்கு இறக்கினேன். கண்ணாடிக்கு வெளியே, ஏணியின் மேல்படியில், ஒரு ஊழியர் எனக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள். கதவின் முன் நின்றால் முதலில் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டித் தொங்க விட்டு ஒரு மூச்சு எடுக்க வேண்டும். லீவர், பின், குறி என்று விரலால் சுட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. திரும்பிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிராஸ் செக் என்பதும் எதிர்க் கதவுக்கு நடந்து போய்ப் பார்ப்பது. தூரத்தில் நின்று கட்டைவிரலைக் காட்டுவது கிராஸ் செக் ஆகாது.

ஜம்ப் சீட்டில் முப்பது விநாடி

பெல்ட்டைப் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்ததும் போன வாரத்துக் கதையெல்லாம் மனதுக்குள் வரும். அதை ஓரமாக வைத்துவிட்டு வரிசையாக ஓட்டிப் பாருங்கள். இப்போது விமானம் திடீரென்று நின்றுபோனால் என் உடம்பை எப்படி வைப்பேன்? என்ன கத்துவேன்? வெளியே தீயோ தண்ணீரோ இருக்கிறதா என்று எந்த ஜன்னலில் பார்ப்பேன்? கதவைத் திறக்க எந்தப் பக்கம் கை போகும்? உதவிக்கு யாரைக் கூப்பிடுவேன்? அடுத்த வழி எது? பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்றிக் காட்டித்தான் ஒரு விமான வகை அனுமதி பெறுகிறது. அந்தத் தொண்ணூறு விநாடியில் நின்று யோசிக்க இடம் இருக்காது, யோசனையை இப்போதே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு டேக்ஆஃபுக்கும், ஒவ்வொரு லேண்டிங்குக்கும் இதைச் செய்யுங்கள்.

பார்த்ததைச் சொல்வது

1989 மார்ச் 10. கனடாவின் டிரைடன் நகரில் ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப்28 விமானம் பனி பெய்துகொண்டிருக்கும்போது கிளம்பியது. இறக்கைகளில் பனி படிந்திருந்தது, அதை அகற்றவில்லை. மேலே ஏற முடியாமல் மரங்களில் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்த விமானப் பணிப்பெண் அந்தப் பனியைப் பார்த்திருந்தார். பயணிகளாக வந்த வேறு விமானிகளும் பார்த்திருந்தார்கள். விமானிகளிடம் யாரும் சொல்லவில்லை. கேபினில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட விஷயத்தைச் சொல்வதை விமானிகள் விரும்ப மாட்டார்கள் என்ற எண்ணம் இருந்ததாக அவர் பிறகு விசாரணையில் சொன்னார்.

அதே வருடம் ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த 737-இல் பழுதானது இடது எஞ்சின், விமானிகள் நிறுத்தியது வலது எஞ்சின். இடது பக்கம் தீப்பொறி பறந்ததைக் கேபினில் இருந்தவர்கள் பார்த்திருந்தார்கள். வலது எஞ்சினை நிறுத்தியதாகக் கேப்டன் அறிவித்ததும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள்.

முதல் சோலோவில் இருப்பவருக்கு இந்த இரண்டையும் கட்டாயம் சொல்வேன். காரணம், உங்களுக்கும் அன்று அதே எண்ணம்தான் வரும். நான் புதியவர், அவர்களுக்குத் தெரியாததா, தப்பாகச் சொல்லித் திட்டு வாங்க வேண்டாமே என்று தோன்றும். 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் இருக்கும் விமானிகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று படித்ததும் நினைவுக்கு வந்து வாயைக் கட்டும். அந்த விதி காபி வேண்டுமா என்று கேட்பதற்கு. புகை, தீ, விசித்திரமான சத்தம், இறக்கையில் பனி இவற்றுக்கு அது பொருந்தாது.

எப்படிச் சொல்வது என்பதைப் பழகி வைத்தால் தயக்கம் பாதி குறையும். இன்டர்ஃபோனை எடுத்து, யார், எங்கே, என்ன என்று மூன்றே வரி: "கேப்டன், எல் 2 கதவிலிருந்து பேசுகிறேன். இடது இறக்கையின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. இப்போதும் தெரிகிறது." எல் 2 என்றால் இடது பக்கத்து இரண்டாவது கதவு. காரணத்தை ஊகிக்க வேண்டாம், கண்டதை மட்டும் சொல்லுங்கள். இடது, வலது என்பது விமானம் போகும் திசையைப் பார்த்து. பின்னோக்கிய ஜம்ப் சீட்டில் உட்கார்ந்திருந்தால் இது உடனே குழம்பும், பேசும் முன் ஒரு நொடி யோசியுங்கள். நீங்கள் சொன்னது ஒன்றுமில்லாததாக இருந்தால் "நன்றி" என்று வைத்துவிடுவார்கள். நான் பறந்த நல்ல கேப்டன்கள் எல்லோரும் அப்படித்தான்.

சர்வீஸ்

'கேல்லி' என்று நாங்கள் சொல்லும் சமையல் பகுதியில் ஒரே விதி: திறந்த எதையும் மூடு, மூடியதைத் தாழிடு. சாப்பாடு நிறைந்த பெரிய ட்ராலி 80 கிலோவுக்கும் மேல் போகும். உயரத்தில் சீராகப் பறக்கும்போதும் விமானத்தின் மூக்கு இரண்டு மூன்று டிகிரி தூக்கியே இருக்கும். ஆகவே விமானத்துக்குள் சமதளம் என்று ஒன்று இல்லை. கையை எடுக்கும் முன் சிவப்பு மிதியை மிதியுங்கள். ட்ராலியைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

சுடுபானத்தைப் பயணியின் மடிக்கு மேலே ஊற்றாதீர்கள். கோப்பையை ட்ரேயில் வாங்கி, நடைபாதைப் பக்கம் ஊற்றி, முக்கால் அளவோடு நிறுத்தி, அவர் மேசையில் வையுங்கள். கேபினுக்குள் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். தோலைப் பொசுக்க அதுவே தாராளம்.

வேகம் வரவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். எதிரில் ட்ராலி பிடிக்கும் சீனியரின் தாளத்துக்குப் போங்கள். யாராவது தண்ணீர் கேட்டு மறந்துவிட்டால், திரும்பிப் போய், மறந்துவிட்டேன் மன்னியுங்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.

திடீரென்று நடப்பவை

குலுங்க ஆரம்பித்தால் முதலில் நீங்கள் உட்காருங்கள். மேகமே இல்லாத இடத்தில் வரும் டர்புலன்ஸ் வானிலை ரேடாரில் தெரியாது, அறிவிப்புக்கு நேரமும் இருக்காது. சூடான ஜக்கைத் தரையில் வைத்து, ட்ராலி பிரேக்கை மிதித்து, கிடைத்த காலி இருக்கையில் பெல்ட் போடுங்கள். இருக்கை இல்லை என்றால் தரையில் உட்கார்ந்து பக்கத்து இருக்கையின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடியுங்கள். பக்கத்தில் இருக்கும் பயணிகள் உங்களையும் பிடித்துக்கொள்வார்கள். பயணிகள் பெல்ட்டோடு இருப்பார்கள், நின்றுகொண்டிருப்பது நீங்கள்தான், அதனால் அடிபடுவதும் பெரும்பாலும் க்ரூதான்.

யாராவது மயங்கினால் விட்டு நகராதீர்கள். மணியை அடித்து ஆளைக் கூப்பிடுங்கள். ஒருவர் நோயாளியோடு, ஒருவர் கருவிகள் எடுக்க, ஒருவர் காக்பிட்டோடு பேச. படுக்க வைத்துக் காலை உயர்த்தினாலே பலர் கண் விழிப்பார்கள்.

கைப்பேசி இருக்கைக்குள் விழுந்துவிட்டால் இருக்கையை அசைக்க விடாதீர்கள். நசுங்கிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். பயணியை எழுப்பிவிட்டு, பர்சரைக் கூப்பிட்டு, கையால் தேடுங்கள். தீப்பிடித்துவிட்டால் தீயணைப்பானால் சுடரை அடக்கி, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள். ஐஸ் போடக் கூடாது, அது வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

இறங்கிய பிறகு

பயணிகள் இறங்கியதும் இருக்கைகள், கழிவறைகள், மேல்பெட்டிகள் எல்லாம் ஒரு சுற்று. பர்சர் "ஏதாவது கேட்க வேண்டுமா" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள், ஒரு கேள்வியாவது வைத்திருங்கள். காலையில் குழம்பிய ஏதோ ஒன்று கண்டிப்பாக இருக்கும்.

ஹோட்டல் அறையில் முதலில் உள் தாழ்ப்பாளையும், அவசர வழி எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். கேபினில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், தொண்டை வறண்டிருக்கும், நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். பெரும்பாலோருக்கு அந்த இரவு சட்டென்று தூக்கம் வராது. கால்கள் இன்னும் நடந்துகொண்டிருப்பது போல் இருக்கும். வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள், எப்படிப் போனது என்று சொல்லுங்கள், அவர்களும் விழித்துத்தான் இருப்பார்கள். பிக்கப் நேரத்தை மறுபடி உள்ளூர் நேரத்தில் எழுதி, இரண்டு அலாரம் வைத்து, திரும்பும் ஃப்ளைட்டில் எந்தக் கதவு என்று பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள்.